கடிக்கும் பூச்சிகளால் நோய் வராமல் காத்துக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

ரத்தம் குடிக்கும் பூச்சிகளோடு மல்லுக்கட்டும் பலரும் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான் செய்கிறார்கள். பகலில் கடிக்கும் கொசுவுக்கு ராத்திரி வலை கட்டுகிறார்கள். தண்ணீரே தேவைப்படாத மணல் ஈக்காகச் சாக்கடையைக் கிளறுகிறார்கள். உழைப்பும் காசும் போகும், கடி மட்டும் நிற்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பூச்சிகளும் அவற்றைப் போன்ற சிற்றுயிர்களும் கடத்தும் நோய்களால் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். அதில் மலேரியாவின் பங்கு மட்டும் சுமார் 6 லட்சம். அதனால் எந்தப் பூச்சி, எங்கே பிறக்கிறது, எப்படி நோயைத் தருகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

தொடங்கும் முன்: கடி எப்படி நோயாகிறது?

கொசு கடித்த உடனே நோய் வந்துவிடாது. நோயாளியின் ரத்தத்தைக் குடித்த கொசுவின் வயிற்றுக்குள் கிருமி பெருகி, அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். டெங்கு வைரசுக்கு இதற்கு ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும். மலேரியாக் கிருமிக்கும் வெப்பநிலையைப் பொறுத்து 10 நாள், இரண்டு வாரம் என்று ஆகும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான். ஆகவே நோய் பரப்புவது நேற்றுப் பிறந்த கொசு அல்ல, பல நாள் தப்பிப் பிழைத்த கிழட்டுப் பெண் கொசு. ஆண் கொசு ரத்தம் குடிப்பதே இல்லை. பெண்ணுக்கும் முட்டை உருவாக்கத்தான் ரத்தம் வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் நூற்றுக்கு 10 கொசு சாகிறது என்று வைத்துக்கொண்டால், 10 நாளைத் தாண்டுபவை நூற்றுக்கு 35. தினமும் சாவது நூற்றுக்கு 30 ஆனால், 10 நாளைத் தாண்டுபவை வெறும் 3. எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, அவற்றைக் கிழடாக விடாமல் பார்த்துக்கொண்டாலே நோய் பரவுவது படுத்துவிடும். 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் என்ற ஆய்வாளர் மலேரியாவை வைத்து எடுத்துக்காட்டியது இதைத்தான். வீட்டுச் சுவரில் மருந்து அடிப்பதும், மருந்தில் நனைத்த வலையும் பலன் தருவதற்கு இதுவே காரணம். ரத்தம் குடித்த கொசு பாரம் தாங்காமல் சுவரில் உட்காரும், மருந்து பட்டுச் சாகும்.

கிருமி உடம்புக்குள் வரும் வழியும் பூச்சிக்குப் பூச்சி மாறும். கொசு, மணல் ஈ, ஆப்பிரிக்காவின் செட்சி ஈ ஆகியவை கடிக்கும்போதே கிருமியைச் செலுத்திவிடுகின்றன. தெள்ளுப்பூச்சியின் கதை விசித்திரமானது. பிளேக் கிருமி அதன் குடல் வாயிலில் பெருகி அடைத்துக்கொள்ளும். குடித்த ரத்தம் உள்ளே இறங்காது. பசி தாங்காத பூச்சி திரும்பத் திரும்பக் கடிக்கும், ஒவ்வொரு முறையும் கிருமி கலந்த ரத்தத்தைக் கடிவாயிலேயே கக்கும். மூன்றாவது வழி எச்சம். சீலைப்பேனும், தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க நாடுகளில் சாகஸ் நோயைப் பரப்பும் முத்தப்பூச்சியும் கடிக்கும் இடத்திலேயே எச்சம் போடும். கிருமி இருப்பது அதில்தான். நாம் சொறியும்போது அதைப் புண்ணுக்குள் நாமே தேய்த்துவிடுகிறோம். இந்த இரண்டு விஷயத்திலும் 'சொறியாதே' என்பது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல, சோப்புப் போட்டுக் கழுவுவது உண்மையான தடுப்பு.

படி 1: கடிப்பது யார் என்று கண்டுபிடியுங்கள்

கடித்த தடத்தை வைத்துப் பூச்சியைச் சொல்வது கஷ்டம். ஒவ்வொருவர் தோலும் ஒவ்வொரு மாதிரி தடிக்கும். நேரத்தையும் இடத்தையும் கவனிப்பது மேல்.

பகலில், அதுவும் காலையிலும் மாலை இருட்டும் முன்பும் கணுக்கால் பக்கம் சத்தமில்லாமல் கடித்தால் ஏடிஸ் வகைக் கொசு. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையங்கள். டெங்கு, சிக்குன்குன்யா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் எல்லாம் இதன் கைங்கரியம். ஒருவரிடம் வயிறு நிறையக் குடிக்காமல், விரட்ட விரட்ட அடுத்தவரிடம் போய்க் கடிக்கும். ஒரே வீட்டில் வரிசையாக எல்லோரும் டெங்குவில் படுப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

ராத்திரி காதருகே ரீங்காரம் கேட்டால் பெரும்பாலும் கியூலெக்ஸ். பழுப்பு நிறம், அழுக்குத் தண்ணீரில் பிறப்பது. யானைக்கால் நோயைப் பரப்புவது இதன் ஒரு வகை, வயலில் தேங்கும் நீரில் பிறக்கும் இன்னொரு வகை ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகிறது. மலேரியாவைத் தரும் அனோஃபிலிசும் ராத்திரிக்காரிதான். அதை உட்காரும் விதத்தில் பிடித்துவிடலாம்: மற்ற கொசுக்கள் சுவருக்கு இணையாகப் படிந்து உட்காரும், இது தலையைச் சுவர்ப்பக்கம் சாய்த்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியை முதன்முதலில் கண்டது இந்த வகைக் கொசுவின் வயிற்றில்தான்.

கொசுவைவிடச் சின்னதாக, 3 மில்லிமீட்டர்கூட இல்லாமல், உடம்பெல்லாம் ரோமமாக, இறக்கையை 'வி' வடிவில் தூக்கி வைத்துக்கொண்டு, பறப்பதற்குப் பதில் குட்டிக் குட்டியாகத் தத்தினால் அது மணல் ஈ. கருங்காய்ச்சல் எனப்படும் கலா அசாரைப் பரப்புவது. முழங்காலுக்குக் கீழே கொத்தாகக் கடித்து, வீட்டில் நாயோ பூனையோ எலியோ இருந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகப்படலாம். உடுப்பின் தையல் மடிப்பில் ஈர் தெரிந்தால் சீலைப்பேன்.

இன்னும் இரண்டு பூச்சிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மூட்டைப்பூச்சி தூக்கத்தைக் கெடுக்கும், தோலைத் தடிக்க வைக்கும். ஆனால் மனிதருக்கு அது நோய் பரப்பியதாக நிரூபணம் இல்லை. தலைப்பேனும் ஏறக்குறைய அப்படித்தான். உண்ணியும் சிலந்திப்பேனும் நோய் பரப்புபவைதான், ஆனால் எட்டுக்கால் கூட்டம், பூச்சி இனமே அல்ல. சிலந்திப்பேனை மட்டும் படி 8-ல் தொட்டுக்கொள்வோம்.

படி 2: பிறக்கும் இடத்தைத் தேடுங்கள்

கொசு என்றால் இதுதான் முக்கால்வாசி வேலை. ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். தேங்கிய தண்ணீரில் ஒளியைச் சாய்த்து அடித்து, கொஞ்சம் அசையாமல் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. உங்கள் நிழல் விழுந்ததும் அடிக்கு ஓடிய புழுக்கள், மூச்சு முட்டியதும் ஒவ்வொன்றாக நெளிந்து நெளிந்து மேலே வரும். தலைகீழாகத் தொங்கி, வாலில் உள்ள குழலை மட்டும் நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். குழல் இல்லாமல் நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்து மிதந்தால் அனோஃபிலிஸ். காற்புள்ளி போல வளைந்து, தொட்டால் உருண்டோடுபவை கூட்டுப்புழுக்கள். அவற்றைப் பார்த்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள், இரண்டொரு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும்.

ஏடிஸ் தேடும்போது சாக்கடையை விட்டுவிடுங்கள். அதற்கு வேண்டியது வீட்டுக்கு உள்ளேயும் பக்கத்திலும் நிற்கும், ஓரளவு தெளிந்த நீர்: டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் நீர் சொட்டும் தட்டு, ஏசி தண்ணீர் பிடிக்கும் வாளி, மூடி சரியாகப் பொருந்தாத தொட்டி, மொட்டை மாடியில் சுருங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் விரிப்பின் மடிப்பு, யாரும் பயன்படுத்தாத கழிப்பறைக் கோப்பை. இந்தக் கொசு பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு அப்பால் போவதில்லை. ஆகவே உங்களைக் கடிப்பது உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும். அண்டை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு தேடுவது நல்லது.

கியூலெக்சுக்குச் சாக்கடை, அடைத்த கால்வாய், கழிவுநீர்த் தொட்டி. பலரும் கவனிக்காத ஓர் இடம் கழிவுநீர்த் தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாய். அதன் வாயில் ஒரு துண்டு கொசுவலையைக் கட்டினாலே பெரிய கூட்டம் வெளியேற முடியாமல் போகும். அனோஃபிலிசில் வகைக்கு வகை இடம் மாறும்: குளத்தோரம், வயல், மழைக்குட்டை, சில வகைகளுக்குக் கிணறும் மாடித் தொட்டியும்.

படி 3: வாரத்துக்கு ஒரு நாள், தேய்த்துக் கழுவுங்கள்

முட்டையிலிருந்து கொசுவாக, வெப்பமான காலத்தில் 7 முதல் 10 நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு நாள். ஒரு கிழமையைக் குறித்து வைத்துக்கொண்டு அதை மீறாமல் செய்யுங்கள்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீரில் போடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் கறுப்புப் பொடி போல ஒட்டி வைக்கும். தொட்டி காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மறுபடி தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிக்கும். கோடையில் காய்ந்து கிடந்த பாத்திரத்திலிருந்து முதல் மழைக்கே கொசு கிளம்பும் மர்மம் இதுதான். எனவே சொரசொரப்பான பிரஷ்ஷால் உட்சுவரை, குறிப்பாக வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள பட்டையை, அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

காலி செய்ய முடியாத தண்ணீருக்கு மூன்று வழி உண்டு. ஒன்று மூடுவது. மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும், வழிந்தோடும் குழாயின் வாய்க்கும் வலை வேண்டும். இரண்டாவது மீன். அலங்காரக் குளத்துக்கு கப்பி மீன் நன்றாக வேலை செய்யும். கம்பூசியா மீனை இயற்கையான நீர்நிலைகளில் விடாதீர்கள், அங்குள்ள மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்துவிடும். மூன்றாவது, பிடிஐ என்னும் பாக்டீரியா மருந்து. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையில் கண்டுபிடிக்கப்பட்டது. கொசுப்புழு இதைத் தின்றால் குடல் ஓட்டையாகிச் சாகும், மனிதருக்கோ மீனுக்கோ ஒன்றும் ஆகாது. கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் அதன்மேல் இது பலிக்காது. புழுவாக இருக்கும்போதே போட வேண்டும் என்று சொல்வது அதனால்தான். குடிநீரில் போடுவதாக இருந்தால், அதற்கு அனுமதிக்கப்பட்ட தயாரிப்பா என்று பொட்டியின் மேல் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

படி 4: வலையும் ஜன்னலும்

ராத்திரிக் கொசுவுக்கு மருந்து ஊட்டிய வலையை மிஞ்சிய ஆயுதம் கிடையாது. அதன் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகுங்கள். உள்ளே படுக்கும் கை, கால் வலையில் ஒட்டாமல் இருக்க வேண்டும், ஒட்டினால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். மருந்து வலையை அடிக்கடி துவைப்பதும் வெயிலில் காயப் போடுவதும் மருந்தைக் குறைத்துவிடும். மிதமான சோப்பில் அலசி நிழலில் காயப் போடுங்கள்.

மணல் ஈ சாதாரண வலைக் கண்ணில் நுழைந்துவிடும். அதற்கு மிக நெருக்கமான வலை வேண்டும், அதற்குள் புழுக்கம் தாங்காது. நடைமுறையில் மருந்து ஊட்டிய வலையும், முகத்துக்கு நேரே ஓடும் ஃபேனும் நல்ல கூட்டணி. மணல் ஈ பறப்பதில் சோப்ளாங்கி, கொஞ்சம் காற்று அடித்தாலே நிலைதடுமாறும். கொசுவுக்கும் ஃபேன் காற்று ஓரளவு தொந்தரவுதான்.

பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை போடுங்கள். ஏடிஸ் இருக்கும் இடத்தில் ராத்திரி வலையைவிட இந்தப் பகல் வலை முக்கியம்.

படி 5: தோலில் பூசுவது, துணியில் தெளிப்பது

கொசு நம்மை முதலில் மூச்சில் வரும் கரியமில வாயுவை வைத்துக் கண்டுபிடிக்கிறது, பக்கத்தில் வந்ததும் உடல் சூட்டையும் வியர்வை வாடையையும் பிடித்துக்கொள்கிறது. பூசும் விரட்டிகள் இந்த மோப்பத்தைக் குழப்புகின்றன. நம்பக்கூடிய பெயர்கள் குறைவு: டீட், பிகாரிடின், ஐஆர்3535, எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெய். டப்பாவின் மேல் இவற்றில் ஒன்றின் பெயரும் சதவீதமும் இருக்கிறதா என்று பாருங்கள். டீட் 20 சதவீதம் சில மணி நேரம் தாங்கும். சதவீதம் கூடினால் தாங்கும் நேரம்தான் கூடும், 50-க்கு மேல் போய் லாபம் இல்லை. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டீட் வேண்டாம், மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெய் வேண்டாம். குழந்தையின் உள்ளங்கையிலும் கண்ணருகிலும் பூசாதீர்கள், கையை வாயில் வைப்பார்கள். வெயில் கிரீமும் பூசுவதாக இருந்தால் முதலில் அது, அப்புறம் விரட்டி. டீட் பட்டால் பிளாஸ்டிக் உருகும், மூக்குக் கண்ணாடி பத்திரம்.

பெர்மெத்ரின் என்னும் பூச்சிமருந்து துணிக்கு மட்டும். துணி ஈரமாக இருக்கும்போது பூனையை அண்டவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். செட்சி ஈ இருக்கும் பகுதிக்குப் போகிறவர்கள் நீலமும் கறுப்பும் உடுத்தாமல் இருப்பது நல்லது. அந்த நிறங்கள் அதை இழுக்கும், அங்கே பொறிகளையே நீலத் துணியில்தான் தைக்கிறார்கள்.

காசை எதில் போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். கேளா ஒலி எழுப்பும் கருவியும் அதே வேலை செய்வதாகச் சொல்லும் மொபைல் செயலியும் சுத்த ஏமாற்று. பூண்டு, வைட்டமின் மாத்திரை பலிக்காது. நீல விளக்கில் பூச்சி பொசுக்கும் பெட்டியில் சாவது பெரும்பாலும் அப்பாவிப் பூச்சிகள். கொசுவத்திச் சுருள் விரட்டும், ஆனால் மூடிய அறையில் அந்தப் புகையை ராத்திரி முழுக்கச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. தெருவில் அடிக்கும் மருந்துப் புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும், புழுவைத் தொடாது. நோய் வெடித்துப் பரவும்போது கிழட்டுக் கொசுக்களைக் குறைக்க அது உதவும், ஆனால் வாரக் கழுவலுக்கு அது மாற்றே அல்ல.

படி 6: தண்ணீர் தேவைப்படாத பூச்சிகள்

தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் விலங்கின் மேல் இருப்பதில்லை, அது படுக்கும் இடத்துத் தூசியில், விரிப்பில், தரை இடுக்கில் கிடக்கும். வளர்ப்பு விலங்குக்குக் கால்நடை மருத்துவர் தரும் மருந்தைப் போடும் அதே நாளில் அதன் படுக்கையைச் சுடுநீரில் துவைத்து, தரையை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பையை உடனே அப்புறப்படுத்த வேண்டும். ஒன்றைச் செய்து ஒன்றை விட்டால் திரும்ப வரும். எலி விஷயத்தில் வரிசை முக்கியம். பிளேக்கை எலித் தெள்ளு பரப்புகிறது என்று 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் காட்டினார். எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டு இறங்கி அடுத்த உடம்பைத் தேடும், அது மனிதராகவும் இருக்கலாம். பிளேக் உள்ள பகுதியில் முதலில் தெள்ளுக்கு மருந்து, பிறகுதான் எலிக்கு. காரணமில்லாமல் எலிகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொடாமல் சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள்.

சீலைப்பேன் வசிப்பது உடம்பில் அல்ல, உடுப்பில். குடிக்க மட்டும் தோலுக்கு வரும். டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது சீலைப்பேன்தான் என்று 1909-ல் துனிசில் சார்ல் நிக்கோல் கண்டுபிடித்ததன் அடிப்படையே இதுதான். டைஃபஸ் நோயாளிகள் மருத்துவமனை வாசல்வரை நோயைப் பரப்பினார்கள், உடுப்பைக் களைந்து குளிப்பாட்டியபின் உள்ளே யாருக்கும் பரவவில்லை. இன்றைக்கும் வைத்தியம் அதேதான்: 60 டிகிரிக்கு மேல் சூடான நீரில் துணியையும் படுக்கை விரிப்பையும் துவைப்பது. அதற்கு வழியில்லாவிட்டால் துணியைப் பையில் இறுகக் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கி வைத்தால் பேன் பட்டினியில் சாகும்.

மணல் ஈ மண்சுவர் விரிசலிலும், தொழுவத்தின் ஈரமான சாண மண்ணிலும் வளரும். விரிசலைப் பூசுவதும், தொழுவத்தைப் படுக்கை அறையிலிருந்து தள்ளி வைப்பதும், சுவரில் மருந்து அடிப்பதும் வேலை செய்யும். ஆற்றுக் குருடு நோயைத் தரும் கறுப்பு ஈ வேகமாக ஓடும் ஆற்றில் பிறப்பதால் வீட்டளவில் ஒன்றும் செய்ய முடியாது, அங்கே ஐவர்மெக்டின் மாத்திரைதான் கைகொடுக்கிறது.

படி 7: பயணத்துக்கு முன்

மஞ்சள் காய்ச்சலுக்கு ஒரு ஊசி வாழ்நாள் முழுக்கப் போதும், ஆனால் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி உண்டு. மலேரியாப் பகுதிக்குப் போனால் தடுப்பு மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பி வந்த பிறகும், மாத்திரையைப் பொறுத்து ஒரு வாரம் முதல் நான்கு வாரம்வரை தொடர வேண்டியவை அவை. ஊருக்கு வந்தாச்சே என்று பாதியில் விடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 8: காய்ச்சல் வந்தால்

மலேரியா உள்ள இடத்தில் இருந்தாலோ, போய்வந்து பல மாதம் ஆகியிருந்தாலோகூட, காய்ச்சல் வந்த அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் எங்கே போனீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். ஃபால்சிபாரம் வகை ஓரிரு நாளிலேயே உயிருக்கு உலை வைக்கும். முதல் சோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும் சந்தேகம் போகாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். வைவாக்ஸ் வகை கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். அதை வேரோடு எடுக்கத் தனி மாத்திரை உண்டு, அதற்கு முன் ஜி6பிடி என்னும் நொதி உடலில் போதுமான அளவு இருக்கிறதா என்ற ரத்தச் சோதனை தேவை.

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல, அது இறங்கும்போது. பெரும்பாலும் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில். காய்ச்சல் விட்டதே என்று நிம்மதியாகும் வேளையில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மூச்சுத் திணறல், துவண்டு போவது, நிலைகொள்ளாத பரபரப்பு இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், நீர் குறைந்து ரத்தம் கெட்டிப்படுகிறதா என்பதும் அதே அளவு முக்கியம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

மூட்டுகள் பிடித்துக்கொண்டு நடக்க முடியாத காய்ச்சல் சிக்குன்குன்யாவாக இருக்கலாம். இரண்டு வாரம் தாண்டிய காய்ச்சலோடு மண்ணீரல் வீங்கி உடல் மெலிந்தால் கலா அசாராக இருக்கலாம். காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருந்தால், அது பெரும்பாலும் சிலந்திப்பேனின் குஞ்சு பரப்பும் ஸ்க்ரப் டைஃபஸ். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது, தேடித்தான் பார்க்க வேண்டும். டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

நோயாளியையும் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்கு வைரஸ் காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்தாறு நாள் ரத்தத்தில் இருக்கும், அந்த நாட்களில் கடிக்கும் ஏடிஸ் அதை எடுத்துக்கொண்டு போகும். அதனால் முதல் வாரம் பகலிலும் அவர் வலைக்குள்தான் படுக்க வேண்டும். மலேரியா என்றால் ராத்திரி வலை, காய்ச்சல் விட்ட பின்னும் சில வாரத்துக்கு. கொசுவுக்குத் தொற்றும் வடிவக் கிருமிகள் அதற்குப் பிறகும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.